சி டிரைவ் சிவந்துவிட்டதா? பழைய அப்டேட்டுகளைப் பத்திரமாக அகற்றும் வழி

வாசகர் கேள்வி, கணினி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: டிஸ்க்கில் இடமில்லை, அப்டேட் ஏற மறுக்கிறது, பழையதை அழிக்கலாமா? கும்பகோணத்தில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் மெஷின்களிலும் இதே கதைதான். அதனால் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: இ-சேவை மையம் நடத்துகிறேன். டெஸ்க்டாப்பில் 128 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. சி டிரைவில் 3 ஜிபிதான் மிச்சம், பட்டை சிவப்பாகவே நிற்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்று 11 ஜிபிக்கு மேல் இருக்கிறது. "அதெல்லாம் பழைய அப்டேட் குப்பை, அழிச்சுடு அத்தை" என்கிறான் அண்ணன் மகன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அழிக்கலாமா?
(ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி அருகே)

பதில்: அழிக்காதீர்கள் அம்மா. அந்த ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலைக்கூடக் கையால் தொடவேண்டாம். அண்ணன் மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். பழைய அப்டேட்டுகள் அதில் இருப்பதும் உண்மை. ஆனால் இன்றைக்கு உங்கள் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கும் விண்டோஸும் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது.

விண்டோஸின் பாகங்கள் எல்லாம் முதலில் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் வந்து இறங்கும். அங்கிருந்து சிஸ்டம்32 போன்ற விண்டோஸ் ஃபோல்டர்களில் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர் போடப்படும். இதற்கு ஹார்டு லிங்க் என்று பெயர். பார்ப்பதற்கு இரண்டு பிரதி மாதிரித் தெரியும், டிஸ்க்கில் இருப்பதோ ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன்: ஒரே நிலம் சிட்டாவிலும் வரும், அடங்கலிலும் வரும். இரண்டையும் கூட்டி நிலம் இரட்டிப்பாகிவிட்டது என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால், ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரர் அப்படித்தான் கூட்டிக் காட்டுகிறது. அதனால் அந்த 11 ஜிபியை அப்படியே நம்ப வேண்டாம்.

உண்மைக் கணக்கைப் பார்க்க 'டிஸ்ம்' என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. போனில் பேசியபோது நான் சொல்லச் சொல்ல அந்தக் கட்டளையை அடித்து, திரையைப் படம் பிடித்து அனுப்பினீர்கள் அல்லவா? மற்ற வாசகர்களுக்காக அதை விளக்குகிறேன். எக்ஸ்ப்ளோரர் காட்டும் அளவு 11.40 ஜிபி, உண்மை அளவு 10.62. இதில் விண்டோஸோடு பகிர்ந்துகொண்டிருப்பது 6.31. பேக்கப் என்று பழசாகக் கிடப்பது 4.31. கடைசி வரியில் 'சுத்தம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது: ஆம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. ஆக உங்களுக்கு மீட்க வழியுள்ள இடம் அந்த 4 ஜிபி சொச்சத்துக்குள்தான் அடங்கும். முழு ஃபோல்டரையும் அழித்திருந்தால் அந்த 6.31 ஜிபியும், அதாவது விண்டோஸே, சேர்ந்து போயிருக்கும்.

பழசு ஏன் சேர்கிறது என்றால், விண்டோஸ் 10 வந்ததிலிருந்து மாதாந்திர அப்டேட் ஒவ்வொன்றும் முந்தைய மாதங்களில் வந்ததையும் சேர்த்தே கொண்டுவருகிறது. புதியது ஏறியதும் பழைய பாகங்கள் தேவையற்றுப் போகின்றன. ஆனாலும் புதியதில் கோளாறு வந்தால் திரும்பிப் போக வழி வேண்டுமே என்று விண்டோஸ் அவற்றைச் சில காலம் வைத்திருக்கும். பின்னணியில் ஒரு வேலை தானாகவே ஓடி, மாற்றப்பட்டு 30 நாளாவது ஆன பாகங்களை எடுத்துவிடும். மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அந்த வேலை ஓடும். காலையில் கடை திறந்து ஓயாமல் வேலை வாங்கி, இரவு ஷட்டரை இறக்கும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டால் பாவம் அது எப்போது ஓடும்? இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பழசு குவிவதற்குப் பெரும்பாலும் நான் காணும் காரணம் இதுதான்.

இனி செய்யவேண்டியது. ஸ்டார்ட்டில் 'டிஸ்க் கிளீனப்' என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். முதலில் வரும் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள், அதில் அப்டேட் இருக்காது. கீழே 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மறுபடி கணக்கெடுத்து, 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்ற வரியைக் காட்டும். அதை மட்டும் டிக் செய்து ஓகே கொடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனாலும் அதே வரி கிடைக்கும். அங்கே போட்டிருக்கும் அளவும் கடைசியில் கிடைக்கும் இடமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சில ஃபைல்களை விண்டோஸ் அழிக்கும், சிலவற்றைச் சுருக்கி மட்டும் வைக்கும். வேலை முடிந்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மிச்ச வேலையை அது அந்த நேரத்தில்தான் முடிக்கும். அப்போது மின்சாரம் போகக்கூடாது. யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எப்போது செய்வது என்பது எனக்கு இதைவிட முக்கியம். மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நமக்கு அது அன்று இரவு, நடைமுறையில் புதன் காலை. புதிய அப்டேட் ஏறிய கையோடு பழையதைச் சுத்தம் செய்யாதீர்கள். 2021 மார்ச் மாத அப்டேட் ஏறிய விண்டோஸ் 10 மெஷின்களில், சில வகை பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்ததுமே நீலத்திரை வந்து கணினி நின்றது. திருத்தம் வரும்வரை அந்த அப்டேட்டை நீக்கித்தான் பலர் வேலையை ஓட்டினார்கள். பிரிண்டர் நின்றால் உங்கள் கடையே நின்றுவிடும். அதனால் அப்டேட் ஏறி இரண்டு வாரம் போகட்டும். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி மூன்றும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். காப்பீட்டுக் கெடு நெருங்கும் நவம்பரில், அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வாசலில் நிற்கும் நாட்களில், இந்த வேலையே வேண்டாம்.

இன்றைக்கே இடம் வேண்டுமென்றால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்களைப் போன்ற மையங்களில் நான் திறந்துபார்த்த மெஷின்களில் அங்கேதான் ஜிபி கணக்கில் கிடக்கிறது: ஊர் மக்களின் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பட்டா எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாக. வேலை முடிந்தவர்களுடையதை உடனே அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். இடம் கிடைப்பது ஒருபுறம் இருக்கட்டும். நம்மை நம்பிக் கொடுத்த காகிதம், வேலை முடிந்த பிறகும் அது நம் மெஷினில் கிடப்பது சரியில்லை. ஆனால் டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் வரும் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியை டிக் செய்துவிடாதீர்கள். ஃபோல்டர் மொத்தமும் போய்விடும். சான்றிதழ் வாங்க நாளைக்கு வருகிறவருடைய ஃபைலும் அதில் இருக்குமே.

கையால் அழித்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். திருவாரூர் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் மெஷின் என் மேசைக்கு வந்தது. அங்கே வேலை பார்க்கும் பையன் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸுக்கு 'ஓனர்ஷிப்', அதாவது அழிக்கும் உரிமையை, எடுத்துக்கொண்டு, முடிந்தவரை எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஷிஃப்ட் டெலீட் அடித்திருக்கிறான். பாதியில் பிழை காட்டியதும் நிறுத்தியிருக்கிறான். மறுநாள் காலை லாகின் திரையே வரவில்லை. ரிப்பேர் எடுபடவில்லை, ரிப்பேர் செய்யத் தேவையான மூலமே அந்த ஃபோல்டர்தானே. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் யுஎஸ்பி வழியாக மாட்டி, கொள்முதல் கணக்கையும் மூட்டை வரவையும் முதலில் பிரதி எடுத்தோம். பிறகு விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். கணக்கு பிழைத்தது. அறுவடைக் காலத்தில் இரண்டு நாள் எடைச்சீட்டைக் கையால் எழுதினார்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்பதால் கடைக்காரரை வைத்து விண்டோஸ் 11-க்கு மாறினேன். சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்று 24 ஜிபி ஃபோல்டர் உட்கார்ந்திருக்கிறது. வலது கிளிக்கில் அழிக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்கிறது.
(ஒரு வாசகர், மயிலாடுதுறை)

பதில்: ஐயா, அனுமதி இல்லை என்று சொன்னது நல்லதற்கே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, மாறியது சரியான முடிவு. அந்த ஃபோல்டர் உங்கள் பழைய விண்டோஸ். பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு, அதற்காக வைத்திருக்கிறது. பிறகு தானாகவே அழிந்துவிடும். அதாவது இது நீங்கள் ஒன்றும் செய்யாமலே போகக்கூடிய 24 ஜிபி.

ஆனால் போவதற்கு முன் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். கடைக்காரர் அப்கிரேட் செய்தாரா, புதிதாக இன்ஸ்டால் செய்தாரா? அப்கிரேட் என்றால் உங்கள் ஃபைல்கள் புதிய விண்டோஸுக்கு வந்திருக்கும். ஃபார்மட் செய்யாமல் அதே டிரைவில் புதிதாகப் போட்டிருந்தால், உங்கள் டாக்குமெண்ட்ஸும் டெஸ்க்டாப்பில் இருந்தவையும் இந்தப் பழைய ஃபோல்டருக்குள், 'யூசர்ஸ்' என்பதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். திறந்து பாருங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் நாலைந்தைத் திறந்து, தமிழாகவே தெரிகின்றனவா, இல்லை ஆங்கிலக் குறிகளாகச் சிதறுகின்றனவா என்று பாருங்கள். சிதறினால் எழுத்துரு வரவில்லை என்று பொருள். பழைய ஃபோல்டரில் விண்டோஸுக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம். வாழ்நாள் சான்றுக்குக் கைரேகைக் கருவி வைத்திருந்தால் அதையும் ஒருமுறை சோதியுங்கள்.

எல்லாம் சரி என்றால் டிஸ்க் கிளீனப்பில் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்' என்ற வரியை டிக் செய்யுங்கள், போய்விடும். அதே பட்டியலில் 'விண்டோஸ் இஎஸ்டி இன்ஸ்டலேஷன் ஃபைல்ஸ்' என்று தென்பட்டால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். பின்னால் கணினியை ரீசெட் செய்ய நேர்ந்தால் அது வேண்டியிருக்கும்.

கேள்வி: தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். கணினி தொடங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் 'பூட்' பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது, அப்டேட் பாதியில் நிற்கிறது. உள்ளே பழைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஃபைல்கள் வரிசையாக இருக்கின்றன. ஆர்எம் கட்டளை போட்டு அழிக்கலாமா?

பதில்: தம்பி, ஆர்எம் வேண்டாம். ஃபைல் போனாலும் அந்தக் கெர்னல் இன்னும் இருப்பதாகவே பேக்கேஜ் கணக்கில் நிற்கும், அடுத்த அப்டேட்டில் அது தலைவலி கொடுக்கும். முதலில் 'யூநேம்', இடைவெளி, சிறு கோடு, 'ஆர்' என்று அடித்து, இப்போது எந்தக் கெர்னலில் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று குறித்து வை. பிறகு 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடு. கடைசிச் சொல் சேர்த்து எழுதவேண்டியது. தேவையற்ற கெர்னல்களைப் பட்டியலிட்டுக் கேட்கும். ஓடிக்கொண்டிருப்பதையும் ஆகப் புதியதையும் அது தொடாது. ஆனாலும் பட்டியலை வாசிக்காமல் 'ஒய்' அடிக்காதே. புதியதில் வைஃபையோ திரையோ மக்கர் செய்தால், கணினி தொடங்கும்போது வரும் குரப் மெனுவில் பழைய ஒன்றைத் தேர்ந்து உள்ளே வரலாம். அந்த ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கவேண்டும்.

'ஆப்ட் கிளீன்' போட்டால் இடம் வருமா என்றும் கேட்டிருக்கிறாய். அது இறக்கிவைத்த பேக்கேஜ்களை அழிக்கும், அவை இருப்பது 'வார்' என்ற வேறு ஃபோல்டரில். உன்னுடைய பூட் தனிப் பார்ட்டிஷன் என்பதால் அங்கே ஒரு எம்பி இடம்கூடக் கிடைக்காது.

கேள்வி: கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ. முகூர்த்த சீசனில் சி டிரைவ் எப்போதும் நிரம்பிக் கிடக்கும். யூடியூபில் 'ரீசெட்பேஸ்' என்று ஒரு கட்டளை சொல்கிறார்கள், நிறைய இடம் வருமாம். ஒரே கிளிக்கில் சுத்தம் செய்யும் இலவச மென்பொருள் ஒன்றும் சொல்கிறார்கள்.

பதில்: அப்டேட்டுகளின் பழைய பாகங்களை முழுவதும் எடுத்துவிடும் ரீசெட்பேஸ் மைக்ரோசாஃப்ட் கொடுத்ததுதான், போலி அல்ல. ஆனால் அதைக் கொடுத்த பிறகு, ஏற்கெனவே ஏறிய எந்த அப்டேட்டையும் நீக்க முடியாது. திரும்பும் பாதையையே அடைத்துவிடும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஆல்பம் டெலிவரி இருக்கிற தொழிலில், ஓரிரு ஜிபிக்காக அந்த வழியை இழப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. சாதாரண அப்டேட் கிளீனப்பே போதும்.

இலவச மென்பொருளில் 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' என்று வருவதை ஓட்டவே ஓட்டாதீர்கள். விண்டோஸின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் டிஸ்க்கில் இடம் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்காது. அத்தகைய கருவிகளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

உங்கள் இடம் போவது வேறெங்கோ அண்ணே. வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு கிளிப்புக்கும் துணை ஃபைல்கள் உண்டாக்கி, 'மீடியா கேஷ்' என்று சி டிரைவில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் சேர்த்துவைக்கும். டெலிவரி ஆகிப்போன கல்யாணங்களின் கேஷ் இன்னும் அங்கேயே கிடக்கும். மென்பொருளின் பிரிஃபரன்சஸில் போய் அந்த இடத்தை டி டிரைவுக்கு மாற்றுங்கள், பழையதை அங்கிருந்தே அழியுங்கள். மூல வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸ் அப்டேட்டில் தேடிக் கிடைக்கும் இடத்தைவிட இதில் பெரும்பாலும் அதிகமாகவே வரும் என்று எதிர்பார்க்கலாம். டெஸ்க்டாப்பில் ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது) பயன்படுத்துவதே இல்லை என்றால் அதையும் நிறுத்தலாம். அதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் ஃபைல் வழக்கமாக ரேமில் 40 சதவீதம் அளவுக்கு இருக்கும். உங்கள் 32 ஜிபி ரேமுக்கு 12 ஜிபிக்கு மேல் மிஞ்சும். கணினியைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் அதோடு போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 7. டிஸ்க் கிளீனப்பில் நீங்கள் சொல்லும் அப்டேட் வரியே இல்லை. (மாணவி, நாகப்பட்டினம்)

பதில்: விண்டோஸ் 7-ல் அந்த வசதி முதலில் கிடையாது. 2013 அக்டோபரில் தனி அப்டேட்டாகத்தான் வந்தது, அதுவும் சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் தொகுப்பு இருந்தால் மட்டும். ஆனால் 2020 ஜனவரி 14-ஓடு விண்டோஸ் 7-க்கான ஆதரவே முடிந்துவிட்டது. அதைச் சுத்தம் செய்து நீட்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மெஷினில் பேங்க் வேலையோ ஸ்காலர்ஷிப் விண்ணப்பமோ செய்யாதே அம்மா. அக்காவின் புராஜெக்ட், போட்டோ எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள். படிப்புக்கும் தட்டச்சுப் பழகவும் இன்னும் சில வருடம் உழைக்கும்.

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் கிராமம். போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப் ஓடுகிறது. சுத்தம் செய்த மறுநாளே அப்டேட் இறங்கி, அன்றைய டேட்டாவும் காலி, இடமும் காலி.

பதில்: செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் அந்த இணைப்பில் தானாக இறங்காது. விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' இருக்கும், அதில், இறங்கிய அப்டேட்டை மற்ற கணினிகளோடு பகிர்வதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் டேட்டாவிலிருந்தே வேறொருவருக்கும் போகலாம். 'டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ்' என்ற வரியை டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் தயங்காமல் டிக் செய்யலாம். மாதம் ஒருமுறை ஒரத்தநாட்டிலோ தஞ்சாவூரிலோ வைஃபை உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப்போய், சார்ஜரை மாட்டி, அப்டேட் முழுவதும் ஏறி ரீஸ்டார்ட் ஆகும்வரை இருந்துவிட்டு வாருங்கள். அப்டேட் இறங்கி ஏற இடம் வேண்டும், புறப்படும் முன் சி டிரைவில் 20 ஜிபி அளவுக்காவது காலியாக இருக்கட்டும்.